‘ரன்’ என்ற எளிய சொல்லுக்கு எந்த அகராதியைத் திறப்பது?

ஆங்கிலம் கற்கும் எவரும் அகராதியைத் திறப்பது பெரும்பாலும் தெரியாத சொல்லுக்காகத்தான். படிக்கும் பக்கத்தில் முன்பின் பார்த்திராத நீளமான சொல் ஒன்று குறுக்கிட்டால் உடனே தேடுகிறோம். ‘ரன்’, ‘செட்’, ‘கெட்’, ‘டேக்’ போன்றவற்றைத் தேடுவதேயில்லை. அவை மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டன என்று நினைக்கிறோம். இந்தப் பழக்கம் கற்போருக்கு மட்டும் உரியதன்று. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிக்காகத் தன்னார்வ வாசகர்கள் பழைய நூல்களைப் படித்து, மேற்கோள்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகளை வகைப்படுத்திய ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரி, ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஏறத்தாழ 50 மேற்கோள்கள் வந்திருக்க, ‘அப்யூஸ்’ என்ற அன்றாடச் சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை என்று 1879ல் குறைபட்டுக்கொண்டார். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட தேர்ந்த வாசகர்களின் கண்ணும் அரிய சொல்லில்தான் நின்றது. எளிய சொல்லைத் தாண்டிப் போய்விட்டது.

ஆனால் பொருள் செறிந்து கிடப்பது அந்த எளிய சொற்களில்தான். ஒரு சொல் எவ்வளவுக்கு மிகுதியாகப் புழங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் பொருள்களும் பெருகியிருக்கும் என்பதை ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1945ல் கணக்கிட்டுக் காட்டினார். 1755ல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் ‘டேக்’ என்ற ஒரு வினைக்கு மட்டும் 134 பொருள்கள் உள்ளன. ‘கெட்’, ‘கிவ்’, ‘புட்’, ‘ரன்’ போன்ற வினைகளின் பொருள் வரையறைக்குள் அடங்காமல் விரிந்து கிடப்பதால் தம் உழைப்பு பன்மடங்காயிற்று என்று அவர் முன்னுரையிலேயே எழுதினார். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்குரியது. 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்கள். பிறகு நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. அந்த வினைக்கு இன்று 645 பொருள்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒரு பதிவைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

இத்தகைய சொல்லை உண்மையாகவே கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: ஆங்கிலம்–தமிழ் இருமொழி அகராதி, அயல்மொழியினருக்காகவே எழுதப்பட்ட கற்போர் அகராதி, சொல்லின் வரலாற்றைச் சொல்லும் பேரகராதி, உண்மையான வாக்கியங்களைக் கோடிக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் தரவகம். நான்குமே நல்லவைதான், ஆனால் எளிய சொல்லுக்கு நான்கும் சமமாக உதவுவதில்லை. ‘ரன்’ போன்ற சொல்லுக்குக் கற்போர் அகராதியை முதலிலும் தரவகத்தை அடுத்தும் திறக்க வேண்டும். நாம் வழக்கமாக முதலில் திறக்கும் இருமொழி அகராதி இங்கே கடைசி இடத்துக்குத்தான் தகும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை ‘ரன்’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சொல்கிறேன்.

இருமொழி அகராதிக்குரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். காண்டாமிருகம், நுரையீரல், வெண்கலம் போன்றவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டால், அந்த அகராதி தரும் ஒற்றைச் சொல் விளக்கத்தை வெல்ல எதனாலும் முடியாது. அவற்றை ஆங்கிலத்திலேயே விளக்கும் நான்கு வரியைப் படித்து முடித்த பிறகும் அந்த விலங்கு எது, அந்த உலோகம் எது என்ற ஐயம் மிஞ்சும். தமிழ்ப் பெயர் ஒரு நொடியில் அதைத் தீர்த்துவிடுகிறது. பொருளும் பெயரும் ஒன்றுக்கு ஒன்றாக நிற்கும் இடத்தில் இருமொழி அகராதியை விட்டு வேறு எதையும் தேடுவது வீண்.

‘ரன்’ அப்படி நிற்கும் சொல் அன்று. இருமொழி அகராதியில் அதைத் தேடினால் ஓடு, விரை, பாய், ஒழுகு, நடத்து, இயக்கு என்று காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒரு வரிசை கிடைக்கும். அந்த வரிசையில் எதுவும் பொய்யில்லை. எந்தச் சூழலில் எது என்பதுதான் அங்கே இல்லை. ஆற்றுக்கும் பேருந்துக்கும் கடிகாரத்துக்கும் நூறு நாள் கண்ட திரைப்படத்துக்கும் தமிழில் ‘ஓடுகிறது’ என்போம். ஆங்கிலத்திலும் அந்த நான்குக்கும் ‘ரன்’ பொருந்தும். இந்த ஒற்றுமை நமக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கையைத் தந்துவிடுகிறது. மூக்கு ‘ரன்’ ஆனால் தமிழில் ஒழுகுகிறது. துணியின் நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது. பால் ‘ரன் அவுட்’ ஆனால் தீர்ந்துவிடுகிறது. ஒரு நோய் ஒரு குடும்பத்தில் ‘ரன்’ ஆனால் பரம்பரையாக வருகிறது. ஒருவர் அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்தால் தேர்தலில் நிற்கிறார். ஆங்கிலத்தில் ஒரே வினை நிற்கும் ஐந்து இடங்களில் தமிழில் ஐந்து வெவ்வேறு வினைகள் வருகின்றன. கடைசி எடுத்துக்காட்டில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு: அமெரிக்கர்கள் தேர்தலில் ‘ரன்’ செய்ய, பிரிட்டன்காரர்கள் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’ செய்கிறார்கள். இதைக் காற்புள்ளி வரிசை எப்படிச் சொல்லும்?

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ‘தே கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்ற வாக்கியத்தை இருமொழி அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவர், ‘அவர்களால் கார் ஓட்ட முடியாது’ என்று புரிந்துகொள்ளவே வாய்ப்பு மிகுதி. ‘ரன்’ என்றால் ஓடு, பிறவினையானால் ஓட்டு. இலக்கணப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் காரை ஓட்டுவதற்கு ‘டிரைவ்’ என்ற தனி வினை இருக்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் ‘ரன் எ கார்’ என்றால் கார் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகிய செலவுகளைத் தாங்கிப் பராமரிப்பது என்று பொருள். எனவே அந்த வாக்கியம் ‘கார் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வசதியில்லை’ என்று சொல்கிறது. படித்தவருக்குத் தவறு நேர்ந்தது என்று தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் எடுத்த பொருளும் வாக்கியத்தில் ஓரளவு ஒட்டிக்கொள்கிறது. தெரியாத சொல்லில் தடுக்கினால் நின்று பார்க்கிறோம். தெரிந்ததாக நினைக்கும் சொல் தடுக்காமலே வழி மாற்றிவிடுகிறது. அதனால்தான் எளிய சொற்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

எழுதும்போது இந்தச் சிக்கல் எதிர்த் திசையில் வருகிறது, அப்போது இன்னும் கடுமையாகிறது. தமிழில் பள்ளி நடத்துகிறோம், கூட்டம் நடத்துகிறோம், பாடம் நடத்துகிறோம், தேர்வு நடத்துகிறோம், போர் நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம். ‘நடத்து’ என்பதற்கு ‘ரன்’ என்று மனத்தில் பதித்துக்கொண்டவர் ஆறு இடத்திலும் அதையே போடுவார். ஆங்கிலத்தில் பள்ளிக்கும் குடும்பத்துக்கும் அது பொருந்தும். கூட்டத்துக்கு ‘ஹோல்ட்’ வரும். தலைமை தாங்குவதானால் ‘சேர்’ வரும். பாடத்துக்கு ‘டீச்’, தேர்வுக்கு ‘ஹோல்ட்’ அல்லது ‘கண்டக்ட்’, போருக்கு ‘வேஜ்’. இந்த வேறுபாட்டைக் காரணம் சொல்லி விளக்க முடியாது. எந்தப் பெயர்ச்சொல் எந்த வினையோடு பழகுகிறது என்பதைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இதற்கென்றே சொற்சேர்க்கை அகராதிகள் உண்டு. 2002ல் முதற்பதிப்பு கண்ட ஆக்ஸ்ஃபோர்ட் சொற்சேர்க்கை அகராதியில் ‘மீட்டிங்’ என்ற பெயர்ச்சொல்லைத் தேடினால், அதனோடு வரும் வினைகள் வரிசையாகக் கிடைக்கும். எழுதுவதற்காக அகராதி தேடுபவர் வினையை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லில் தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். தமிழ்ப் பக்கத்துப் பொருள்களைப் பிரித்துக்கொள்ள, 1992ல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ பெரிதும் உதவும். ‘ஓடு’, ‘நடத்து’ போன்ற வினைகளின் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எண்ணிட்டு, எடுத்துக்காட்டும் ஆங்கில விளக்கமும் சேர்த்துத் தருவதால், நம் சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்று அது காட்டிவிடுகிறது.

இனி கற்போர் அகராதி. இந்த வகை நூல் பிறந்ததே ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படித்தவர்களின் வகுப்பறைகளில்தான். வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து 1935ல் வெளியிட்ட அகராதியில், 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களை மட்டும் கொண்டு விளக்கினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, இரண்டு துணையாசிரியர்களோடு தொகுத்த அகராதி 1942ல் டோக்கியோவில் அச்சாகி, 1948ல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பாக உலகெங்கும் பரவியது. தாய்மொழியினர் எழுதும் அகராதியில் இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார்: ஒரு வினைக்குப் பின்னால் எந்த அமைப்பு வரலாம், எது வரக்கூடாது என்ற குறிப்பு. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு வளர்ந்தவருக்கு அது தேவையில்லை. நமக்கு அதுதான் முதல் தேவை.

இந்த வகையிலும் பல அகராதிகள் உள்ளன, அவற்றுக்குள்ளும் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. 1978ல் வந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் அடக்கியது. அந்த 2,000 சொற்களை அறிந்தவர் விளக்கத்துக்குள் இன்னொரு கடினச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, நீளமான பதிவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வழிகாட்டிச் சொல் ஒன்றையும் அது வைத்தது. அதே ஆண்டில் வந்த கேம்பிரிட்ஜ் அகராதியும் இதைச் செய்தது. ‘ரன்’ போன்ற நெடிய பதிவில் கண்ணால் மேலிருந்து கீழே ஓட்டமாகப் பார்த்து, வேண்டிய பொருளில் நிற்பதற்கு இது எவ்வளவு உதவி என்பதை இல்லாத அகராதியில் தேடிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

ஆயினும் எளிய வினைகளைப் பொறுத்தவரை என் மனம் கவர்ந்தது கோபில்ட். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சிங்கிளேர் தலைமையில் 1980ல் தொடங்கிய ஆய்வின் பயனாக 1987ல் காலின்ஸ் வெளியிட்ட அகராதி அது. கணினியில் சேர்த்த உண்மையான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் சொல்லின் பொருளை வகுத்த முதல் கற்போர் அகராதி அதுவே. அதன் விளக்கங்கள் முழு வாக்கியங்களாக இருக்கும். ‘நிறுவனம் ஒன்றை ஒருவர் ரன் செய்கிறார் என்றால், அதற்கு அவர் பொறுப்பாக இருக்கிறார் அல்லது அதன் பணிகளை ஒழுங்குபடுத்துகிறார்’ என்ற பாணியில் அது எழுதிச் செல்லும். இதில் பொருள் மட்டும் சொல்லப்படவில்லை. அந்தப் பொருளில் எழுவாயாக மனிதர்தான் வருவார், செயப்படுபொருளாக நிறுவனமோ நிகழ்ச்சியோதான் வரும் என்ற பயன்பாட்டு விதியும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. மூக்கைப் பற்றிய பொருளுக்கு எழுவாயாக மூக்கே வரும், நதியைப் பற்றியதற்கு நதியே வரும். காற்புள்ளி வரிசை மறைத்த எல்லாவற்றையும் இந்த அமைப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. இதன் குறை நீளம்தான். தாளில் அச்சிட்டால் இடம் பிடிக்கும், அவசரத்தில் தேடுபவருக்குப் பொறுமை வேண்டும். லாங்மன், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் ஆகிய நான்கு பதிப்பகங்களின் கற்போர் அகராதிகளையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதால், ஒரே சொல்லை இரண்டில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இன்று தடையேதும் இல்லை. முதலில் லாங்மனில் வேண்டிய பொருளைக் கண்டுபிடித்து, பிறகு கோபில்டில் அதன் பயன்பாட்டைப் படிப்பது நல்ல வழி.

இந்த அகராதிகள் பொருள்களை அடுக்கும் முறையும் கற்போருக்குச் சாதகமானது. எது மிகுதியாகப் புழங்குகிறதோ அதை மேலே வைக்க அவை முயல்கின்றன. ‘ரன்’ என்ற சொல்லுக்கு முதல் பொருள் காலால் ஓடுவதாக இருந்தாலும், சற்றுக் கீழேயே நிறுவனத்தை நடத்துவதும் இயந்திரம் இயங்குவதும் வந்துவிடும். வெஸ்ட் 1953ல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியல் இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. 2,000 சொற்களில் ஒவ்வொன்றின் ஒவ்வொரு பொருளும் எத்தனை விழுக்காடு வருகிறது என்று அது குறித்துவைத்தது. எதை முதலில் கற்பிப்பது என்று தவிக்கும் ஆசிரியருக்கு அந்தப் பட்டியலைவிடக் கருணையான நூல் ஒன்றை நான் கண்டதில்லை.

645 என்ற எண்ணைப் பார்த்து எவரும் மலைத்துவிடக் கூடாது. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்பதற்கு இயற்கையான விடை கிடையாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985ல் தொடங்கிய ‘வேர்ட்நெட்’ என்ற மின்தொகுப்பு, ‘ரன்’ வினைக்கு 41 பொருள்களைத்தான் காட்டுகிறது. அதே சொல், அதே மொழி; பிரித்தவர்களின் நோக்கம் வேறு, அவ்வளவுதான். சிறு வேறுபாட்டையும் தனி எண்ணாக்கும் தொகுப்பாசிரியர்கள் உண்டு. நெருங்கிய பொருள்களை ஒன்றாகக் கட்டுபவர்களும் உண்டு. கற்பவருக்குத் தேவை அந்தக் கட்டும் கலை. ஓடும் கால், ஓடும் ஆறு, ஒழுகும் மூக்கு, கரையும் சாயம், தொட்டியில் நிரப்பும் நீர் ஆகியவை ஒரு குடும்பம். பொருள் ஒன்று தடையின்றி நகர்ந்து செல்கிறது என்பது அவற்றின் பொதுக்கூறு. இயந்திரம், கணினி நிரல், பரிசோதனை, பள்ளி, தொழில் ஆகியவை இன்னொரு குடும்பம். நிற்காமல் செயல்பட வைப்பது அதன் உள்ளடக்கம். மலையடிவாரத்தில் செல்லும் சாலை, இரண்டு மணி நேரம் நீளும் நாடகம், ஐந்து ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு ‘ரன்’ வரும்போது எதுவும் நகர்வதில்லை. இடத்திலோ காலத்திலோ ஒன்று நீண்டிருப்பதை அது குறிக்கிறது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு கற்போர் அகராதியின் பதிவை ஒருமுறை நிதானமாகப் படித்தால், பெரும்பாலான பொருள்கள் ஏதாவது ஒன்றின் கீழ் தானாகவே போய் அமர்ந்துவிடும். அமராதவை பெரும்பாலும் ‘ரன் இன்டு’, ‘ரன் ஓவர்’, ‘ரன் அவுட்’ போன்ற ஃப்ரேசல் வெர்ப் வகையாக, அதாவது வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் தொடராக இருக்கும். அவற்றைத் தனிச் சொற்களாகவே பாவித்து ஒவ்வொன்றாகக் கற்பதுதான் நேர்மையான வழி. ‘ரன் இன்டு’ என்பது ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பதையும் குறிக்கும், வாகனம் மோதுவதையும் குறிக்கும் என்பதை எந்தப் பொதுக்கூறும் முன்கூட்டிச் சொல்லிவிடாது.

வரலாற்றுப் பேரகராதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1884ல் முதல் பகுதி வெளியாகி 1928ல் நிறைவடைந்த ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி மனித உழைப்பின் பெருஞ்சாதனைகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பொருள்களைப் பழமையின் வரிசையில் அடுக்குகிறது. மெரியம்–வெப்ஸ்டர் நிறுவனத்தின் கல்லூரி அகராதியும் அப்படியே. ‘நைஸ்’ என்ற சொல் ஒரு காலத்தில் அறிவற்றவன் என்று பொருள்பட்டது. வரலாற்று வரிசையில் அந்தப் பொருள் முன்னே வரும், இன்றைய பொருள் பின்னே வரும். முதலில் இருப்பதே முதன்மையானது என்று எண்ணிப் படிக்கும் கற்போருக்கு இது ஆபத்து. பதினேழாம் நூற்றாண்டுக் கவிதையையோ பழைய சட்ட ஆவணத்தையோ படிப்பவருக்கும், ஒரு பொருளிலிருந்து இன்னொன்று எப்படிக் கிளைத்தது என்று அறிய ஆவலுள்ளவருக்கும் அதற்கு மாற்று இல்லை. இன்று ஒரு கடிதத்தைச் சரியான ஆங்கிலத்தில் எழுத வேண்டியவருக்கு அது முதல் துணையாகாது.

தரவகம் வேறொரு வகையான உதவியைச் செய்கிறது. அது எதையும் விளக்குவதில்லை, காட்டுகிறது. 1990களில் உருவான பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் 10 கோடிச் சொற்கள் உள்ளன, அவற்றில் பத்தில் ஒரு பங்கு பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. மார்க் டேவிஸ் உருவாக்கிய சமகால அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் நூறு கோடிக்கும் மேல். தேடும் சொல் நடுவில் நிற்க, அதன் இருபுறமும் உள்ள சொற்களோடு நூற்றுக்கணக்கான வரிகள் திரையில் விழும். ‘ரன்’ என்ற வினைக்குப் பின்னால் பெயரடை வரும் வரிகளை மட்டும் வலப்பக்கச் சொல்லின்படி அடுக்கிப் பார்த்தால், ‘ட்ரை’, ‘லோ’, ‘ஷார்ட்’, ‘லேட்’, ‘வைல்ட்’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்: வற்றிப்போதல், குறைந்துபோதல், போதாமற்போதல், தாமதமாதல், கட்டுமீறுதல். நன்மையைக் குறிக்கும் பெயரடை அந்த இடத்தில் எளிதில் வருவதில்லை. ஆகவே கையிருப்பு ‘ரன் லோ’ ஆகும். ஆனால் கையிருப்பு கூடியதைச் சொல்ல ‘ரன் ஹை’ என்று எழுதிவிட முடியாது. ‘ரன் ஹை’ இருக்கிறது, அது உணர்ச்சிகள் கொந்தளிப்பதைப் பற்றியது. இத்தகைய உண்மையைச் சிங்கிளேர் ‘செட் இன்’ என்ற தொடரில் முதலில் எடுத்துக்காட்டினார். அழுகல், சிதைவு, தொற்று, நம்பிக்கையிழப்பு என்று விரும்பத்தகாதவையே அதன் எழுவாயாக வருவதை அவர் தரவகத்தில் கண்டார். எந்தப் பொருள் விளக்கமும் அதுவரை இதைச் சொல்லியிருக்கவில்லை. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம் என்று ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957ல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் வழக்கையும் அமெரிக்க வழக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கவும் தரவகமே ஏற்றது. காலுறையில் நூல் விட்டுப் போன கோட்டை அமெரிக்கர் ‘ரன்’ என்றும் பிரிட்டன்காரர் ‘லேடர்’ என்றும் சொல்வதை ஒரு தேடலிலேயே சரிபார்க்கலாம். ஆனால் தொடக்க நிலையில் இருப்பவரைத் தரவகத்துக்கு அனுப்புவது கொடுமை. அங்கே எளிதாக்கப்பட்ட வாக்கியம் எதுவும் கிடையாது; பாதியில் வெட்டுண்ட வரிகள், பெயர்கள், கொச்சை வழக்கு, அச்சுப்பிழை எல்லாம் கலந்து வரும். என்ன கேள்வியோடு போகிறோம் என்று தெரிந்திருந்தால் மட்டுமே அது பதில் தரும். ‘ரன் என்றால் என்ன’ என்ற கேள்விக்கு அதனிடம் பதிலில்லை. ‘ரன் எ மீட்டிங் மிகுதியா, ஹோல்ட் எ மீட்டிங் மிகுதியா’ என்ற கேள்விக்கு உடனே பதில் உண்டு.

கைபேசியிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலியைப் பலரும் ஐந்தாவது வழியாகச் சொல்லக்கூடும். முழு வாக்கியத்தையும் கொடுத்தால் சூழலுக்குப் பொருந்தும் தமிழை அது பல நேரங்களில் சரியாகவே தருகிறது. படித்து முன்னேற அது போதும். ஆனால் தனிச் சொல்லாக ‘ரன்’ என்று தட்டினால் பெரும்பாலும் பழைய காற்புள்ளி வரிசைக்கே அது திரும்பிவிடுகிறது. மேலும், ஒரு வாக்கியத்தின் பொருளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் கருவி, அந்தச் சொல்லின் மற்ற முகங்களை நமக்கு அறிமுகம் செய்வதில்லை. அடுத்த வாக்கியத்தில் அதே சொல் வேறு முகத்தோடு வரும்போது மீண்டும் தொடக்கத்திலேயே நிற்போம்.

இப்போது முதலில் சொன்ன வரிசைக்கு ஒரு விலக்குத் தர வேண்டும். கற்போர் அகராதியின் 2,000 சொற்களே இன்னும் கைவராத நிலையில் இருப்பவருக்கு ஆங்கில விளக்கம் சுவராகத்தான் நிற்கும். அவருக்கு இருமொழி அகராதியே வாசல். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது, காற்புள்ளி வரிசை மட்டும் உள்ளதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணும், ‘நீர், மூக்கு முதலியன’, ‘நிறுவனம், பள்ளி முதலியன’ என்பது போன்ற சூழல் குறிப்பும், ஓர் ஆங்கில வாக்கியமும் தரும் அகராதியைப் பார்த்து எடுக்க வேண்டும். புத்தகக் கடையில் தடிமனையோ மொத்தச் சொற்களின் எண்ணிக்கையையோ பார்க்க வேண்டியதில்லை. ‘ரன்’, ‘டேக்’, ‘செட்’ மூன்றையும் புரட்டிப் பார்த்தால் அந்த அகராதியின் தரம் தெரிந்துவிடும். அரிய சொற்களை யாரும் சேர்த்துவிடலாம். ஓர் ஆசிரியர் எவ்வளவு உழைத்தார் என்பது இந்த மூன்று பதிவுகளில்தான் தெரியும்.

மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் நான்கும் வேண்டும், வரிசையும் மாறும். ‘தி பேப்பர் ரேன் தி ஸ்டோரி’ என்ற வாக்கியம் வந்தால், நாளிதழ் அந்தச் செய்தியை வெளியிட்டது என்ற பொருளைக் கற்போர் அகராதி கொடுக்கும். அந்தப் பயன்பாடு தலைப்புச் செய்திக்கும் விளம்பரத்துக்கும் ஒரேபோல் வருகிறதா என்பதைத் தரவகம் காட்டும். மூலம் நூறாண்டுக்கு முந்தைய நாவலாக இருந்தால், அந்தப் பொருள் அப்போது வழக்கில் இருந்ததா என்பதை வரலாற்றுப் பேரகராதியின் ஆண்டுக் குறிப்பில் சரிபார்க்க வேண்டும். பொருள் உறுதியான பிறகு, ‘வெளியிட்டது’, ‘பிரசுரித்தது’, ‘போட்டது’ ஆகியவற்றில் எது அந்தப் பாத்திரத்தின் பேச்சுக்கு ஒத்துவரும் என்று யோசிக்கும் கட்டத்தில் இருமொழி அகராதியின் வரிசை மீண்டும் பயன்படும். அங்கே அவருக்கு வேண்டியது பொருள் விளக்கம் அன்று, தமிழ்ச் சொற்களின் நினைவூட்டல்.